எலுமிச்சம்பழம் புதுசு, டயர் 2017

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீசில் ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு எழுத வந்ததே வயித்தெரிச்சலில்தான். படிச்சிட்டுத் திட்டணும்னா தாராளமா திட்டுங்க.

2025 ஆயுத பூஜை. பிம்ப்ரி சிஞ்ச்வட்ல எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பம். பொரி, சுண்டல், சந்தனம், குங்குமம் எல்லாம் ஊர்ல மாதிரியேதான். மூணாவது மாடி அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கம். அவர் பையன் 2023-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கின 390 டியூக்கின் முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற வேலை எனக்கு வந்தது. குனிஞ்சேன். டயரோட பக்கவாட்டில் 2317-ன்னு நாலு எண். அதாவது 2017-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். எட்டு வருஷம் ஆச்சு. ரப்பர் முழுக்க மயிரிழை வெடிப்பு. பள்ளத்துக்குள்ள சின்னதா ஒரு மேடு இருக்கும் பாருங்க, தேய்மானத்தைக் காட்டுறதுக்கு, அது கிட்டத்தட்ட மேல்மட்டத்துக்கே வந்தாச்சு. டூவீலருக்கு 0.8 மில்லிமீட்டர்தான் கடைசி எல்லை, அதுக்குக் கீழே போனா சட்டப்படியே ஓட்டக்கூடாது. அந்த டயர் மேல அண்ணாச்சி அழகா மூணு சந்தனப் பொட்டு வச்சிருந்தார்.

குனிஞ்சது குனிஞ்சாச்சேன்னு மத்ததையும் பார்த்தேன். பிரேக் பேட் ரெண்டிலும் காகிதம் மாதிரிதான் பாக்கி. பிரேக் ஆயில் டப்பாவில் கடுங்காப்பி நிறம். பின்பக்க ஸ்ப்ராக்கெட் பல்லெல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சு கொக்கியாகி நிக்குது. ஆனா சைலன்சர் மட்டும் புத்தம் புதுசு. தெருவே எழுந்திரிக்கிற சத்தத்தோட, பதினெட்டாயிரமாம்.

"அண்ணாச்சி, இந்த டயரை மாத்திடுங்க"ன்னேன்.

"வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்குவே மாத்தணும்? நான் டிவிஎஸ் எக்ஸ்எல்ல இருபது வருஷம் ஓட்டினவன். என்னத்தை மாத்தினேன்?"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பதிவே. இதை நான் அண்ணாச்சிகிட்ட மட்டும் கேக்கலை. வெளியூர் வந்து சம்பாதிச்சு, பையனுக்கு ஆசைப்பட்ட வண்டி வாங்கிக் கொடுத்த பாதிப் பேர்கிட்ட கேட்டாச்சு.

எக்ஸ்எல் சூப்பர் எழுபது சிசி, மூணரை குதிரைத்திறன். மூட்டை ஏத்தினா நாப்பதுக்கு மேல போகாது. இந்த வண்டி 373 சிசி, நாப்பதுக்கு மேல குதிரைத்திறன். எக்ஸ்பிரஸ் ஹைவே மாதிரி ரோடு கிடைச்சா நூத்தி இருபது சர்வ சாதாரணம். வேகம் மூணு மடங்கானா பிரேக் தின்னு தீர்க்க வேண்டிய சக்தி மூணு மடங்கு இல்லீங்க, ஒன்பது மடங்கு. பள்ளிக்கூடத்தில் படிச்ச அதே கணக்குதான். அந்த ஒன்பது மடங்கும் ரெண்டு விரல் அகல பேடிலும், உள்ளங்கை அளவு ரப்பரிலும்தான் இறங்கணும். எக்ஸ்எல்லில் கஞ்சத்தனம் பண்ணினா வண்டி மெதுவா நிக்கும். இதில் பண்ணினா நிக்காது.

பையன் சொன்னான், "ஏபிஎஸ் இருக்கு அங்கிள்." தம்பி, ஏபிஎஸ் சக்கரம் பூட்டாம பார்த்துக்கும், அவ்வளவுதான். இருக்கிற பிடிப்பைத்தான் அது பங்கு போட்டுக் கொடுக்கும். டயரில் பிடிப்பே இல்லைன்னா அது எங்க போய்க் கடன் வாங்கும்?

பிரேக் ஆயிலைப் பத்தி ஊருக்கு உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா பட்டவன் சொல்றேன். 2019-ல் தாம்ஹிணி காட் இறக்கத்தில் கொங்கண் பக்கமா இறங்கிட்டிருந்தேன், பின்னாடி வீட்டம்மா. மூணு வருஷமா மாத்தாத பிரேக் ஆயில். இந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். புதுசா இருக்கும்போது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்காது. ஈரம் ஏறிட்டா கொதிநிலை 155 பக்கம் இறங்கிடலாம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்தா சூடாகிக் கொதிக்கும், உள்ள ஆவி நிரம்பும். ஆவியை அமுக்கினா அமுங்கும், பிரேக் பிடிக்காது. எனக்கும் அதுதான் ஆச்சு. ஒரு வளைவுக்கு முன்னாடி லீவரைப் பிடிச்சேன், அது நேரா கைப்பிடியோட போய் ஒட்டிக்கிச்சு. கியரை ஒண்ணொண்ணா இறக்கி, பின் பிரேக்கை மிதிச்சு, ரோட்டோர மண்ணில் ஏத்தி நிறுத்தினேன். "ஏங்க நிறுத்திட்டீங்க?"ன்னாங்க. "அருவி பார்க்கலாம்னு"ன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. (இந்தப் பதிவைப் படிச்சா தெரிஞ்சிடும். ராத்திரி சாப்பாடு சந்தேகம்தான் :-))

அந்த ஆயில் பாட்டில் விலை சில நூறு ரூபாய். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

செயினுக்கு இன்னொரு சாமர்த்தியம் இருக்கு. செயினை மட்டும் மாத்திட்டு, "ஸ்ப்ராக்கெட் இன்னும் கொஞ்ச நாள் வரும்"னு விட்டுடுறது. தேஞ்ச பல்லில் புதுச் செயினைப் போட்டா செயினும் சீக்கிரமே நாசம். ஓடும்போது கழண்டு சக்கரத்தில் சிக்கினா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை. முன், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூணையும் சேர்த்தே மாத்தணும். இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். ரோட்டோரக் கடையில் கிடைச்ச ஸ்கூட்டர் ஆயிலை ஊத்துறாங்க. ஸ்கூட்டருக்கு இருக்கிறது வேற கிளட்ச். இந்த வண்டியில் கிளட்ச் அதே இன்ஜின் ஆயிலுக்குள்ளதான் முங்கிக் கிடக்கு, வழுக்க ஆரம்பிச்சிடும். பாட்டிலில் ஜாசோ எம்ஏ2-ன்னு போட்டிருக்கான்னு ஒரு தடவை பாருங்க, போதும்.

"பார்ட்ஸ் விலையெல்லாம் கொள்ளை சார்"னு ஒருத்தர் சண்டைக்கு வருவார். ஒத்துக்கிறேன். பிரேக் பேடுக்கும் டயருக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி போட்டு வச்சிருந்த ஊரு இது. பான் மசாலாவும் அதே 28 வரிசையில்தான் நின்னுச்சு. உயிர் காக்கிற சாமானுக்கு ஆடம்பர வரி! 2025 செப்டம்பர் 22-லதான் 18-க்கு இறக்கினாங்க, நம்ம பூஜைக்கு ஒன்பது நாள் முன்னாடி. பதினெட்டும் எனக்குச் சம்மதம் இல்லை, அது வேற கதை. ஆனா பார்ட்ஸ் விலை கட்டுப்படியாகலைன்னா 125 சிசி வாங்கிக்கலாமே? யாரும் கழுத்தைப் பிடிக்கலையே? வாங்குற விலைக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் கணக்குப் போட்டுட்டு, மாத்துற செலவுக்குக் கணக்கே போடாதது யார் தப்பு?

2022-ல் இந்தியாவில் ரோட்டில் செத்தவங்க 1,68,491 பேர். அதில் நூத்துக்கு 44-க்கு மேல டூவீலர்காரங்க. இதெல்லாம் தேஞ்ச டயரால்னு நான் புளுக மாட்டேன். குடி, குழி, ஹெல்மெட் போடாதது, எதிர்த்தாப்பல வர்ற லாரி, எல்லாம் சேர்ந்ததுதான். லாரிக்காரனை நான் மாத்த முடியாது. என் டயரை மாத்த முடியும்.

ஊர்லன்னா ஒரு போன் போட்டா பத்து நிமிஷத்தில் சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு ஆளுன்னு ஆஸ்பத்திரி வாசலில் இருபது பேர் நிப்பாங்க. இங்க ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு வருவா? திருநெல்வேலி ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். மராட்டியில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லக்கூட அண்ணி என்னைத்தான் கூப்பிடணும். இதை அப்படியே அண்ணாச்சிகிட்ட சொன்னேன். நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறேன்னு முகம் சிவந்துட்டார். சுண்டலைக் கூட வாங்காம மேல போயிட்டார்.

ரெண்டு வாரம் பேச்சில்லை. போன ஞாயிறு பையன் மட்டும் கீழே வந்தான். முன் டயர் புதுசு, பேடும் புதுசு. "அப்பாதான் காசு கொடுத்தாங்க, உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க"ன்னான். பிரேக் ஆயிலை ரெண்டு பேருமா பார்க்கிங்கில் உக்காந்தே மாத்தினோம், பழைய ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் பிடிச்சு அவன்கிட்ட காட்டினேன். செயின் செட்டு தீபாவளி போனஸ் வந்ததும்னு சொல்லியிருக்கான். அது வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கு.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, பொட்டி தட்டுறவன். சந்தேகம் இருந்தா வண்டியோட வந்த கையேட்டைப் பாருங்க. சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரைக் கூடப் பிரிக்காம இருக்கும்.