ஜவுளிக்கடை நட்டக் கணக்கில் யாருடைய சம்பளம் இருக்கிறது?

கொரோனாவில் ஜவுளி வியாபாரம் படுத்துவிட்டது என்று முதலாளிகள் சொன்னது பொய்யில்லை. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. சித்திரைக் கல்யாணம், ரம்ஜான், பள்ளிச் சீருடை என்று கடைகள் நம்பியிருந்த மாதங்கள் அதில் போயின. 2021 மே மாதம் மறுபடியும் அதே கதை. நாங்கள் கேட்பது, அந்த நட்டம் யார் தலையில் இறங்கியது என்பதைத்தான்.

ஊரடங்கு நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று ஒன்றிய உள்துறை 2020 மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. மே 18 முதல் அந்த உத்தரவே இல்லை. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. யார் யாரோடு பேசுவது? சங்கம் கிடையாது, தங்குவது கடை விடுதி, சாப்பாடும் கடைச் சாப்பாடு. பிளஸ் டூ முடித்துவிட்டு சேரியிலிருந்து தி.நகருக்குப் போன பெண்கள் ஊர் திரும்பியபோது நாங்கள் பேசினோம். வேலை பார்த்த நாட்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். விற்பனைக்கு ஏற்ற கமிஷன்? விற்பனையே இல்லையே!

2021 ஜூன் 28 அன்று சென்னையில் ஜவுளிக் கடைகள் திறந்தன. ஏசி கூடாது, 50 சதவீத வாடிக்கையாளர்கள்தான் என்று விதி. எத்தனை பேர் உள்ளே வரலாம் என்று எண்ணிய அரசு, எத்தனை பேரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள் என்று எண்ணவில்லை. "பாதிக் கூட்டம், பாதி ஆள் போதும்" என்று போனில் சொல்லிவிட்டார்களாம்.

திரும்பப் போன ஒரு தங்கை சொன்னது எங்களை விட்டுப் போகவில்லை. ஆளே வராத மத்தியானம், முகக்கவசத்துக்குள் வியர்வை, அப்போதும் உட்காரக் கூடாது. டீக்கடை பெஞ்சில் உட்கார விடாத ஊரிலிருந்து தப்பித்துப் போனவள் அவள்.

அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தமிழக சட்டமன்றம் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரச் சட்டம் திருத்தியது, 22-ஏ பிரிவு. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது.

தோழர்களே, தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவீர்கள்தானே? கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறைக்கு மனு எழுதுங்கள். கடையின் பெயரைப் போடுங்கள். உங்களுக்குப் புடவை எடுத்துக் காட்டிய பெண்ணின் பெயர் வேண்டாம், அவளுக்கு வேலை போய்விடும்.