பதினாறு கோர் யாருக்கு?

அந்தமானியர் இசை குறித்து 1888-இல் போர்ட்மன் கட்டுரை அச்சேற்றியபோது அவரிடம் கணினி இல்லை. இன்று அத்தீவுப் பாடல்களைச் சுரக்குறிப்பில் ஏற்ற முனையும் மாணவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரையோ, ‘பதினாறு கோர் பிராசசர் வாங்குக’ என்பது. பணத்தைக் கடலில் கரைக்கும் அறிவுரை இது.

மியூஸ்கோர் போன்ற மென்பொருளில் ஒரு சுரத்தைச் சேர்த்தால் அதற்குப் பின்வரும் வரிகளும் பக்கங்களும் இடம் மாறக்கூடும். முந்தைய வரி எங்கே முடிகிறது என்று தெரியாமல் அடுத்த வரியை அமைக்க இயலாது. ஆகவே அக்கணக்கு பெரும்பாலும் ஒரே கோரின் தோளில் விழுகிறது. ஏனையவை வேடிக்கை பார்க்கின்றன. கேட்க வேண்டியது ஒற்றைக் கோரின் வேகத்தை; எண்ணிக்கையை அன்று. பல கோர்களும் பெரும் நினைவகமும் உதவுவது, ஒலிமாதிரிகளால் முழு ஆர்க்கெஸ்ட்ராவை ஒலிக்கச் செய்வோர்க்கு. பாடுவோர் குரலும், காலால் மிதித்தொலிக்கும் மரப்பலகையும் கொண்ட பாட்டுக்கு அது எதற்கு? (விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார், வழிகாட்டியாவது சொல்லலாம்.)

2010 ஜனவரியில் போவா சீனியர் மறைந்தபோது ‘போ’ மொழியின் கடைசிக் குரல் அடங்கியது. அடுத்த மூத்த பாடகர் காத்திருக்கமாட்டார். மிச்சமாகும் தொகையில் நல்லதோர் ஒலிப்பதிவுக் கருவியும், அவரிடம் செல்லக் கப்பல் கட்டணமும் அடங்கும்.