கார்னரையும் பாருங்கள்!



தீபத்தன்று எல்லாரும் மலை உச்சியைத்தான் பார்க்கிறோம். நெய் சுமந்து ஏறியவரை யார் பார்க்கிறோம்? கபடியும் அப்படித்தான். "யார் நல்லா பாடிட்டுப் போவாங்க?" என்று ரைடரைத்தான் முதலில் தேடுகிறோம். மிச்சம் உள்ளவர்களைக் கார்னரில் நிறுத்துகிறோம். இது தவறு என்பது என் கருத்து.

2023 புரோ கபடி ஏலத்தில் ஈரான் வீரர் ஷாட்லூயியை புனேரி பல்தான் அணி 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்தது. அவர் இடது கார்னர். அந்த சீசனில் புனே கோப்பையை வென்றது. அடுத்த சீசன் அவர் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குப் போனார். கோப்பையும் அங்கேயே போனது!

கார்னரை எப்படித் தேர்ந்தெடுப்பது? எத்தனை பேரைப் பிடித்தாள் என்று மட்டும் எண்ணாதீர்கள். அவசரமாகப் பாய்ந்து எத்தனை பாயிண்ட் விட்டாள் என்றும் எண்ணுங்கள். ரைடர் கால் நீட்டும்வரை காத்திருக்கிறாளா? கணுக்காலைப் பிடித்தபின், மற்றவர்கள் வந்து சேரும்வரை விடாமல் இருக்கிறாளா? பதறாத காரியம் சிதறாது அல்லவா?

நானும் கார்னர்தான். குறுவட்டப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று என்னையும் பாடிப் போகச் சொல்லித்தான் பார்த்தார்கள். பிடிக்கச் சொல்லவே இல்லை. அடுத்த முறை எதிரில் ஐந்து ரைடாவது விட்டுப் பாருங்கள். அப்புறம் வேண்டாம்னு சொன்னா ஏத்துக்கறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி