பம்பு வாங்கும் முன் வயரைப் பாருங்கள்

பத்து காஜாவில் ஞாயிற்றுக்கிழமை எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டுப் போர்ச்சில் பானெட் திறந்த காடி ஒன்று நிற்கும். கேடிஎம் ரயில்களைப் பழுதுபார்க்கும் பணிமனையே இந்த ஊரில்தான் இருக்கிறது. ஸ்பேனர் பிடித்த கையை இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தால் நான் நின்று விசாரிப்பேன். அதற்குக் கீழே இருப்பது பெட்ரோல் டாங்கி.

சின்னம்மா மகன் அப்படித்தான் சிக்கினான். அவனிடம் இருப்பது புரோட்டோன் வீரா. 1993-இல் வந்து 2009-இல் தயாரிப்பு நின்றுபோன காடி. நம் குடும்பங்களில் பாதிப் பேர் ஓட்டப் பழகியது அதில்தான். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது அது இழுக்காமல் திணறுகிறதாம். "பெரிய பம்பு போட்டா சரியாயிடும்னு கடையில சொன்னாங்கக்கா. 255 வாங்கப் போறேன்" என்றான்.

255 என்பது மணிக்கு 255 லிட்டர். நெடுஞ்சாலையில் ஓடும் 1.5 லிட்டர் வீரா ஒரு மணி நேரத்தில் எரிப்பது சுமார் பத்து லிட்டர். மிச்சமெல்லாம் சுற்றிக்கொண்டு டாங்கிக்கே திரும்பி வரும். டர்போ எஞ்சின் மாற்றியவர்களுக்கு அந்தப் பம்பு தேவைப்படலாம். அங்கே பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனே உருகும். சின்னம்மாவை மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் காடிக்கு எதற்கு? அளவுக்கு மீறிய பெட்ரோலைப் பழைய ரெகுலேட்டரால் திருப்பி அனுப்ப முடியாவிட்டால் அழுத்தம் ஏறும், கரும்புகை வரும், எண்ணெய்ச் செலவும் கூடும்.

தோட்டத்து லோரிப் பட்டறையில் வேலை செய்த என் அப்பா எப்போதும் கேட்கும் ஒரே கேள்வி: "அளந்து பாத்தியா?" தம்பியிடம் நானும் அதையே கேட்டேன். இல்லை என்றான். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனோம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. பம்புக்குப் போகும் பிளக்கில் 11.8. நடுவில் இரண்டு வோல்ட் எங்கேயோ தொலைந்திருந்தது. பிளஸ் பக்கம் 1.4, எர்த் பக்கம் 0.6. வோல்ட் குறைந்தால் பம்பின் வேகம் குறையும். மலை ஏறும்போது எஞ்சின் கேட்கும் அளவுக்குத் தள்ள முடியாது. எர்த் வயர் உட்கார்ந்திருந்த போல்ட்டைக் கழற்றினால் அடியில் செம்மண் போலத் துரு.

இதற்குக் காரணம் பம்பு இல்லை. தொழிற்சாலையில் போட்ட மெல்லிய வயர் முன்னாலிருந்து பின்னால் வரை, வழியில் சுவிட்ச், ரிலே, நாலைந்து பிளக் எல்லாவற்றையும் தாண்டி ஓடுகிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் ஐந்து மீட்டர் ஓடினால், 10 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு அதிலேயே 1.3 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அதே தூரத்துக்கு 0.4 வோல்ட்தான் போகும். அதாவது, அந்த 255 பம்பைப் பழைய வயரிலேயே மாட்டியிருந்தால் தம்பியின் வயர்தான் சூடேறியிருக்கும்.

அவன் பம்பு வாங்கவில்லை. வயர், ரிலே, ஃபியூஸ் மட்டும் வாங்கினான். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 2.5 வயர், கதவுப் படிக்குக் கீழே கார்ப்பெட்டுக்குள் ஒளிந்து பின்னால் வந்து ரிலேயின் 30-ஆம் எண்ணில் சேர்கிறது. 87-இலிருந்து பம்புக்கு. பம்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயர் இப்போது 86-இல், 85 எர்த்துக்கு. பம்பின் எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் செய்த பாடி இரும்பில் புதிதாகப் பூட்டினோம்.

பழைய வயரை வீசாமல் 86-இல் வைத்ததற்குக் காரணம் உண்டு. சிலர் டேஷ்போர்டில் ஒரு சுவிட்சைக் குத்தி நேராகப் பம்பை ஓட்டுகிறார்கள். எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துவது காடியின் கம்ப்யூட்டர். எங்காவது மோதி, பெட்ரோல் குழாய் அறுந்து, எஞ்சின் நின்றுபோனாலும் அந்தச் சுவிட்ச் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே நம் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டைலுக்காகப் போடும் சுவிட்சுகளிலேயே எனக்குப் பிடிக்காதது இதுதான்.

இதுவரை சொன்னது டாங்கிக்கு வெளியே நடக்கும் வேலை. பம்பையே மாற்றத்தான் வேண்டும் என்றால் ஆட்டம் வேறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் படர்ந்து வாசல் பக்கம் ஊர்ந்து வரும். நம் வீட்டு வாசலில் என்ன இருக்கிறது? சாமி விளக்கு, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணி. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி விளக்கைக் குளிர வையுங்கள், சாமி கோபிக்காது. டாங்கியில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கும்போது, திறந்த வெளியில், பகலில் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போதே பம்பு ஃபியூஸைப் பிடுங்கினால் அதுவாக நின்று குழாயின் அழுத்தம் இறங்கிவிடும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தூள் நிரப்பிய தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டாங்கிக்குள் சாதாரண வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். பெட்ரோலில் டேப்பின் பசை கரைந்துவிடும், வயரின் மேல்தோலும் கெட்டுப்போகும். வெளியே போடும் ரப்பர் குழாயும் உள்ளே தாங்காது; பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கவென்றே செய்த குழாய் தனியாக விற்கிறது, கேட்டு வாங்குங்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடுங்கள். இதில் ஏதாவது ஒன்று கைவசம் இல்லையென்றால் பட்டறைக்கே கொண்டுபோங்கள், வெட்கம் ஒன்றுமில்லை.

தம்பியின் வீராவில் இப்போது பம்பு பிளக்கில் 13.4 வோல்ட். பழைய பம்புதான். போன வாரம் பிரிஞ்சாங் வரை போய் வந்துவிட்டான்.

பம்பு மாற்றியவர்கள் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை ஆன் வரை மட்டும் இரண்டு மூன்று தடவை திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் பம்பு இரண்டு விநாடி முனகி நிற்கும். காய்ந்த டிஷ்யூவால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் சீட்டைப் பூட்டும் முன் ஒருமுறை மோந்து பாருங்கள். வாடை இருந்தால் அன்றைக்குக் காடி போர்ச்சிலேயே நிற்கட்டும். ஈப்போவுக்கு ரயில் இருக்கிறது.