ஆடிட்டர் அலுவலகத்தில் யாரைத் தெரியும்?

திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் பகுதிகளிலிருந்து பஸ் ஏறி வந்து புதுச்சேரியில் பி.காம். படிக்கும் நம் பிள்ளைகளிடம் ‘அடுத்து என்ன?’ என்று கேட்டால், ‘பேங்க் எக்ஸாம்’ என்பார்கள். ‘சி.ஏ.’ என்று சொல்பவர் அபூர்வம். அறிவுக் குறைவல்ல இதற்குக் காரணம். கதவுகள் வேறு வேறு.

பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பட்டியலினத்தவருக்கு இடஒதுக்கீடு, வயதில் 5 ஆண்டு தளர்வு, கட்டணச் சலுகை உண்டு. நேர்முகத் தேர்வு கிடையாது. 2021-ல் மத்திய நிதியமைச்சகம் எடுத்த முடிவால், ஆங்கிலப் பகுதி தவிர மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். யார் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்க அங்கே ஆளில்லை. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, பிறகு அவற்றில் இடஒதுக்கீடும் வந்ததால் திறந்த கதவு அது. தனியார் வங்கிகளில் அந்த ஒதுக்கீடு இன்றும் இல்லை.

சி.ஏ. கதை வேறு. தேர்வு எல்லோருக்கும் பொதுதான். பி.காம். படிப்பில் 55 சதவீதம் எடுத்தவர், முதல்கட்டத் தேர்வு எழுதாமலே நேராக இன்டர் தேர்வுக்குப் பதியலாம். சிக்கல் அதன் பிறகுதான். தொழில் செய்யும் ஒரு ஆடிட்டரிடம் ‘ஆர்ட்டிகிள்ஷிப்’ பயிற்சி பெற்றாக வேண்டும். 3 ஆண்டாக இருந்த இந்தப் பயிற்சி 2023-ல் 2 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஆனால், யாரைச் சேர்த்துக்கொள்வது என்பது ஆடிட்டரின் விருப்பம். மாமா ஆடிட்டர், அப்பாவின் நண்பர் ஆடிட்டர் என்று உள்ளவர்களுக்கு ஒரு போன் போதும். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த போனைப் போட யார் இருக்கிறார்கள்? இடம் கிடைத்தாலும், உதவித்தொகை பஸ்ஸுக்கும் அறை வாடகைக்கும் போதாமல் பாதியில் நிற்கும் ஆபத்து உண்டு.

இதை அரசு சரிசெய்ய முடியும். இன்டர் தேறும் பட்டியலின மாணவருக்குப் பயிற்சிக் காலம் முழுவதும் மாத உதவித்தொகையை ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கலாம். அரசு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர்களிடம், ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். வேலையில் இருக்கும் நம் வங்கி அதிகாரிகளும் கணக்காயர்களும் மாதம் ஒரு ஞாயிறு கல்லூரிப் பிள்ளைகளைச் சந்திக்க வேண்டும். உறவில் ஆள் இல்லாத பிள்ளைக்கு ஊரில் ஒரு ஆளாவது இருக்கட்டும்.

மாணவர்களும் தயங்கி நிற்க வேண்டாம். பட்டயக் கணக்காயர் கழகத்தின் இணையதளத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்புக்குப் பதிவு செய்யும் வசதி உண்டு. வங்கித் தேர்வு எழுதும் பட்டியலினத்தவருக்கு இலவச முன்பயிற்சியும் அறிவிக்கப்படுகிறது. விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டுப் பெறுங்கள்.

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்ட மேதையாகவே அறிவோம். ஆனால் 1923-ல் லண்டனில் அவர் டாக்டர் பட்டம் பெற்ற ஆய்வு, ரூபாயின் சிக்கலைப் பற்றியது. பணத்தின் கணக்கை எழுதும் நாற்காலி நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல. அதில் உட்கார அவர்களுக்குத் தகுதி போதும். சிபாரிசு தேவைப்படக் கூடாது.