இடம் மாறிய இடது

தோழரே!

உங்கள் ஊர்ப் படிப்பகத்துத் திண்ணையில் அன்றாடம் நடைபெறும் வழக்கை நாமும் அறிவோம். செய்தித்தாளின் ஒரு தாள் ஒருவர் கையிலும், மறு தாள் இன்னொருவர் கையிலும் இருக்கும். தேநீர் ஆறிக்கொண்டிருக்கும். ‘அவர் வலதுசாரி!’ என்பார் ஒருவர். ‘உங்கள் தலைவர் மட்டும் என்ன, இடதுசாரியா?’ என்பார் மற்றவர். தொலைக்காட்சியிலே கற்றுக்கொண்ட ‘லிபரல்’ என்னும் சொல்லை வசைமொழிபோல எடுத்து வீசுவார் மூன்றாமவர். அந்நேரம் பார்த்து, கட்சிக்கு உறுப்பினர் சேர்க்க வந்த இளைஞரைப் பிடித்துக்கொள்வார்கள். ‘நீ சொல் தம்பி, உங்கள் கட்சி இடதா, வலதா?’ இளைஞர் விழிப்பார். இடது என்றால் ஒரு பழி. வலது என்றால் மற்றொரு பழி. இரண்டும் இல்லை என்றாலோ, கொள்கையற்ற கூட்டம் என்ற பட்டம்!

விழிக்க வேண்டியதில்லை. அந்தச் சொற்கள் எங்கே பிறந்தன, எவர் மடியிலே வளர்ந்தன, எந்தெந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போயின என்னும் கதையை அறிந்துவைத்திருந்தால் போதும். விழிப்பவர் கேட்டவராக இருப்பார்.

1789-ஆம் ஆண்டு. பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி கூட்டிய சபை, வெர்சேல்ஸ் நகரிலே தன்னைத் தேசிய சபை என்று தானே அறிவித்துக்கொண்டுவிட்டது. புதிய அரசியல் சட்டம் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்ததும் எழுந்தது ஒரு கேள்வி: மக்களின் பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தை, ‘கூடாது’ என்று ஒரே சொல்லால் கொன்றுபோடும் அதிகாரம் மன்னனுக்கு உண்டா, இல்லையா? உண்டு என்றவர்கள் சபைத் தலைவரின் நாற்காலிக்கு வலப்புறம் ஒதுங்கினர். இல்லை என்றவர்கள் இடப்புறம் திரண்டனர். கூச்சலுக்கிடையே ஒத்த கருத்தினர் ஒருவர் பக்கத்திலே ஒருவர் அமர்ந்துகொண்டனர், அவ்வளவுதான். செப்டம்பர் 11-ஆம் நாள் வாக்கெடுப்பிலே, மன்னனுக்கு முழு ரத்து அதிகாரம் மறுக்கப்பட்டது. சட்டத்தைச் சில காலம் நிறுத்திவைக்கும் அதிகாரம் மட்டுமே தரப்பட்டது. ‘இடது’, ‘வலது’ என்று இன்று உலகமெலாம் முழங்குகிறதே, அதன் ஊற்றுக்கண் அந்த ஒரு கேள்விதான். ஆலைத் தொழிலாளியைப் பற்றி அங்கே பேச்சில்லை. நிலமற்ற உழவனைப் பற்றியும் இல்லை.

இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? லெ ஷப்பெலியே என்பவரை அழைப்போம். ரென் நகரத்து வழக்கறிஞர். சபையின் இடப்புறத்து முன்னணி வீரர்களில் ஒருவர். 1789 ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவு, பிரபுக்களின் பரம்பரைச் சலுகைகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்து விழுந்தனவே, அந்த வரலாற்றுப் புகழ் பெற்ற இரவிலே தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் இவர்தான். இரண்டே ஆண்டு கழிந்தது. பாரிசிலே தச்சர்கள் கூலி உயர்வு கேட்டுக் கூட்டம் கூடினர். 1791 ஜூன் 14-ஆம் நாள் இவரே முன்மொழிந்து ஒரு சட்டம் கொணர்ந்தார்: ஒரே தொழில் செய்வோர் சங்கமாகச் சேரக் கூடாது, கூலிக்காகக் கூடிப் பேசவும் கூடாது! குடிமகனுக்கும் நாட்டுக்கும் இடையே எந்தச் சங்கமும் நிற்கலாகாது என்பது அவர் வாதம். பிரபுக் கூட்டத்தின் சலுகையை வெட்டிய அதே வாள், தச்சனின் கையையும் வெட்டியது. அவருடைய கண்ணுக்கு இரண்டும் ஒரே கொள்கை. தச்சனின் வீட்டில் உலை கொதித்ததா என்பதை அந்தக் கொள்கை கேட்கவில்லை. பிரான்சிலே வேலைநிறுத்தம் குற்றமல்ல என்றாக 1864 வரையிலும், தொழிற்சங்கத்துக்குச் சட்ட உரிமை கிடைக்க 1884 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். 1791 அக்டோபரிலே புதிய சபை கூடிற்று. 1789-இல் இடப்புறத்து முழக்கமாக இருந்ததை, ‘இத்துடன் போதும், எழுதிய சட்டத்தைக் காப்போம்’ என்று பிடித்து நின்றவர்கள், இப்போது வலப்புறத்திலே அமர்ந்திருந்தனர்! அவர்கள் கருத்து நின்ற இடத்திலேயே நின்றது. நாட்டின் கேள்வி நகர்ந்துவிட்டது.

‘லிபரல்’ என்னும் சொல்லின் கதையும் இதற்கு இளைத்ததல்ல. கொடையாளியை, தாராள மனத்தினரைக் குறித்துவந்த பழஞ்சொல் அது. அதற்குக் கட்சிச் சட்டை மாட்டியவர்கள் ஸ்பெயின் நாட்டார். நெப்போலியனின் படைகள் நாட்டை மிதித்துக்கொண்டிருக்க, தென்கோடித் துறைமுகமான காதிஸ் நகரிலே 1810-இல் கூடிய சபை, 1812-இல் ஓர் அரசியல் சட்டம் வகுத்தது. மன்னனின் வரம்பற்ற ஆட்சிக்கு வரம்பு கட்ட விரும்பியவர்கள் ‘லிபரல்’கள் எனப்பட்டனர். எதிரணியினருக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘அடிமைகள்’ என்னும் பொருள்படும் வசை. பிறக்கும்போதே அரசியல் பட்டங்கள் பாதி புகழும் பாதி ஏச்சுமாகத்தான் பிறக்கின்றன!

அந்தச் சொல் கடல் கடந்து பிரிட்டன் சென்றது. அங்கே தானியத்தின்மீது சுமத்திய சுங்கத்தை எதிர்த்தது. நிலப்பிரபுக்களின் கொள்ளைக்காக ஏழையின் ரொட்டி விலை ஏறுவதா என்று முழங்கி, 1846-இல் அந்தச் சுங்கச் சட்டத்தை வீழ்த்திய படையின் தளபதிகளில் ஒருவர் ஜான் பிரைட். நாவன்மை மிக்கவர், வாக்குரிமைக்காக வாதாடியவர், ராச்டேல் நகரின் பஞ்சாலை முதலாளியும்கூட. ஆனால், ஆலைகளிலே பெண்களும் சிறாரும் நாளொன்றுக்குப் 10 மணி நேரத்துக்குமேல் உழைக்கலாகாது என்ற மசோதா வந்தபோது, அதை எதிர்த்தவரும் அதே பிரைட்தான். அதற்காகப் பல்லாண்டு போராடியவரோ ஆஷ்லி பிரபு. பழமைக் கட்சியான டோரிக் கட்சிக்காரர்! 1847-இல் அந்தச் சட்டம் நிறைவேறிற்று. தோழரே, அந்நாளில் ஆலையிலே நூல் இழுத்துக்கொண்டிருந்த 13 வயதுச் சிறுமி, இவ்விருவரில் யாரை ‘முற்போக்கு’ என்று அழைத்திருப்பாள்? நமக்கு வாய்த்த பட்டியலைக்கொண்டு அவளுக்கு நாம் பதில் சொல்லிவிட முடியாது. ரொட்டி விலை குறைந்ததற்குப் பிரைட்டை வாழ்த்தியிருப்பாள்; வீடு திரும்ப வெளிச்சம் மிச்சமிருந்ததற்கு ஆஷ்லியை வாழ்த்தியிருப்பாள்.

1859-இல் லிபரல் கட்சி உருவாயிற்று. அரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், மக்கள் தாமே முன்னேறுவர் என்பது அந்நாளைய லிபரலின் வேதம். அரை நூற்றாண்டு கழிந்தது. அதே பெயர், அதே கட்சி. 1908-இல் 70 வயது நிரம்பிய ஏழை முதியோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரையில் ஓய்வூதியம் தந்தது. 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், செல்வர் மீதும் நிலத்தின் மீதும் வரி போட்டு வரவுசெலவுத் திட்டம் கொணர்ந்தார்; பிரபுக்கள் சபை அதைத் தள்ளிற்று; அந்தச் சபையின் பல்லே 1911-இல் பிடுங்கப்பட்டது. அதே ஆண்டில் தொழிலாளருக்கு நோய்க்காலக் காப்பீடும் வந்தது. கை கட்டி நின்ற அரசு, கை நீட்டி வந்துவிட்டது. துரோகம் என்றனர் பழைய லிபரல்கள். பசித்தவனுக்கு உரிமைப் பத்திரம் மட்டும் இருந்து என்ன பயன் என்றனர் புதியவர்கள். நம் மனம் எவர் பக்கம் சாய்கிறது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் பழையவர்களின் வாதத்திலே நாணயம் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடைபெற்றது. 1932-இல் வென்ற பிராங்க்ளின் ரூசுவெல்ட் தம் கொள்கையை ‘லிபரல்’ என்றழைத்தார். 1935-இல் தொழிற்சங்க உரிமைச் சட்டமும், முதுமைக்கும் வேலையின்மைக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டமும் நிறைவேற்றினார். அவரிடம் தோற்ற ஹூவரோ, 1934-இல் ஒரு நூலே எழுதி, மெய்யான லிபரல் கொள்கை தம்முடையதே என்று வாதாடினார். சொத்துக்காக நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு கண்டிருக்கிறோம். இது சொல்லுக்காக நடந்த வழக்கு! தீர்ப்பு ரூசுவெல்ட் பக்கம் ஆயிற்று. அங்கே லிபரல் என்றால் அரசு தலையிட வேண்டும் என்பவர் என்றே பொருள் நிலைத்தது. 1960-இல் ஹயக் என்னும் பொருளாதார அறிஞர், தாம் பழமைவாதி அல்லர் என்று விளக்கி ஒரு தனிக் கட்டுரையே எழுத நேர்ந்தது. லிபரல் என்று சொல்லிக்கொள்ளவோ அவருக்குத் தயக்கம், அந்தப் பெயரைப் பிறர் எடுத்துக்கொண்டுவிட்டனரே!

ஆஸ்திரேலியாவில் 1944-இல் தோன்றிய லிபரல் கட்சி, தொழிற்கட்சிக்கு எதிரான வலதுசாரிக் கட்சி. டென்மார்க்கிலே 1870-இல், நிலப்பிரபுக்களை எதிர்த்து உழவர்களுக்காக எழுந்த கட்சியின் பெயர் ‘வென்ஸ்த்ரே’. அந்நாட்டு மொழியில் ‘இடது’ என்பதே அதன் பொருள். இன்று அந்த ‘இடது’ அமர்ந்திருப்பது நடுநிலைக்கு வலப்புறத்தில். மாஸ்கோவிலே 1980-களின் இறுதியில், பொதுவுடைமை ஏற்பாட்டை மாற்றாதே என்றவர்களைப் ‘பழமைவாதிகள்’ என்று ஏடுகள் எழுதின. சந்தையை அழைத்துவா என்றவர்கள் இடதுகளாம்!

அயல்நாட்டுக் கதை எமக்கெதற்கு என்பீர்கள். நம் வீட்டு வாசலுக்கே வருவோம். 1916-இல் சென்னையிலே தோன்றிய நீதிக்கட்சியின் முறையான பெயரிலே, ஆங்கிலத்தில் லிபரல் என்னும் சொல் உண்டு. 1918-இல் காங்கிரசை விட்டு விலகிய சீனிவாச சாஸ்திரி போன்றோர் அமைத்த சம்மேளனத்தின் பெயரிலும் அதே லிபரல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழர் நாவிலோ அது இரண்டாகப் பிரிந்தது. முன்னது ‘நல உரிமை’ ஆயிற்று. பின்னது ‘மிதவாதம்’ ஆயிற்று. யார் எதற்காக நின்றனர் என்று பார்த்தே நம் முன்னோர் பெயர்த்தனர். அகராதியைப் பார்த்து அல்ல. 1991-இல் வந்த பொருளாதார மாற்றத்துக்கு ‘தாராளமயம்’ என்று பெயரிட்டோம். அதே வேர்ச்சொல்தான். ஆனால் இன்று லிபரல் என்று ஏசப்படுவோரில் பலர், அந்தத் தாராளமயத்தைக் கடுமையாகக் கண்டிப்பவர்கள்!

1964-இல் பொதுவுடைமைக் கட்சி பிளந்தபோது, ‘இடது’, ‘வலது’ என்று அடைமொழி சூட்டி இரண்டையும் அழைத்தோமே, நினைவிருக்கிறதா? இரண்டு கைகளிலும் செங்கொடி. 1967 தேர்தலிலே, ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சிஸ்டு கட்சியும் ஒரே அணியில் நின்று வாக்குக் கேட்டன. அணிக்குப் பெயர் இடதா, வலதா என்று வாக்காளர் கேட்கவில்லை. அரிசி என்ன விலை, மொழி என்ன ஆகும் என்று கேட்டனர்.

அப்படியானால் இந்தச் சொற்களைக் குப்பையிலே கொட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். அவ்வளவு எளிதன்று. கொட்டிவிட்டால், எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு திரிவோருக்கே கொண்டாட்டம். இறுதிச் சொல் மன்னனுக்கா, மக்களுக்கா என்று 1789-இல் கேட்ட கேள்வி இன்னும் பல உருவிலே உயிரோடிருக்கிறது. பட்டத்தை மட்டும் பத்திரமாகப் பெட்டியிலே வைத்துக்கொண்டு, உள்ளிருந்த சரக்கை இரவோடிரவாக மாற்றிவிடுவோர் எல்லாக் கட்சியிலும் உண்டு. நம் கட்சிக்கு அந்த நோய் வரவே வராது என்று எழுதித்தர நாம் ஆயத்தமாக இல்லை.

ஆகவே, திண்ணையிலே அடுத்த முறை அந்தக் கேள்வி எழும்போது, எந்த மசோதாவைப் பற்றிக் கேட்கிறீர்கள் ஐயா என்று நம் இளைஞர் திருப்பிக் கேட்கட்டும். கூலியைப் பற்றியதா, நிலத்தைப் பற்றியதா, பேச்சுரிமையைப் பற்றியதா? கேட்டவர் ஒன்றைச் சொல்வார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். உங்கள் தொகுதி உறுப்பினர் அன்று சட்டமன்றத்தில் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று உங்களையே மடக்குவார். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், தோழரே, உங்கள் படிப்பகத்து அலமாரியில் இருக்கின்றனவா?