நின்றபடியே தேய்ந்த கேம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரவு பத்து மணிக்கு மேல் என் அக்காள் மகன் போன் செய்தான். "மாமா, இஞ்சின் மேல் பக்கம் டக் டக்னு சத்தம் வருது. நாளைக்குக் கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" கேட்கும்போதே குரல் உடைந்திருந்தது.

உடையாமல் என்ன செய்யும்? வண்டி பழைய டொயோட்டா கேஇ70. நம்மூர்ப் பிள்ளைகள் 'டிஎக்ஸ்' என்று செல்லமாகச் சொல்வார்களே, அதுதான். அதில் ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்-கட் ஒன்றின் 4ஏ-ஜிஇ இஞ்சினை ஏற்றி, ஜேபிஜே பதிவிலும் மாற்றி, மூன்று மாதத்துக்கு முன்புதான் புது கேம் ஷாஃப்ட், புது வால்வு ஸ்பிரிங் எல்லாம் போட்டிருந்தான். பாதிப் பணம் அவன் சம்பளம். மீதிப் பாதி, அக்காள் மாதாமாதம் கட்டி எடுத்த கூட்டுப் பணம்.

ஞாயிறு காலை மாசாயில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காள் கோப்பி கொடுத்துவிட்டு, "தம்பி, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றார். வால்வு மூடியைக் கழற்றிய பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. பதினாறு கேம் புடைப்புகளில் ஐந்தின் முனை மழுங்கிப் போயிருந்தது.

"கேம் போலி மாமா. பட்டறைக்காரன் ஏமாத்திட்டான். கூட்டாளிங்களோட இப்பவே போய்க் கேக்கப் போறேன்" என்றான். நான் அவனை உட்கார வைத்தேன். இரும்பு பொய் சொல்லாது, முதலில் அது சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேம் ஷாஃப்ட் என்பது முட்டை வடிவப் புடைப்புகள் வரிசையாக உள்ள ஓர் இரும்புத் தண்டு. ஒவ்வொரு முட்டையின் கூர்முனையும் தன் கீழே உள்ள லிஃப்டரை அழுத்த, லிஃப்டர் வால்வைத் திறக்கும். ஸ்பிரிங் அதைத் திரும்ப மூடும். இன்றைய கார்கள் பலவற்றில் இடையே ஓர் உருளை இருக்கிறது, அதனால் உராய்வு குறைவு. 1983-ல் வெளிவந்த 4ஏ-ஜிஇ-யில் உருளை கிடையாது. கவிழ்த்த டம்ளர் போன்ற 'பக்கெட்' லிஃப்டர். அதன் தலைமேல் 'ஷிம்' என்ற சின்ன வட்டத் தகடு. கேம் நேராக அந்தத் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு இரும்புக்கும் நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். நல்ல தகடுகளில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் இருந்தன. பக்கெட் நடுமையத்தில் இல்லாமல் சற்றே விலகி அழுத்தப்படுவதால், வேலை செய்யும்போது அது மெதுவாகச் சுழலும். அப்படிச் சுழன்றால் தேய்மானம் எல்லாப் பக்கமும் பகிர்ந்துவிடும். கெட்டுப்போன ஐந்திலும் நேராக ஒரே பள்ளம். அவை சுழலாமல் நின்றுவிட்டன.

எண்ணெய்ப் பம்ப்பைச் சந்தேகித்தேன். ஆனால் தண்டைத் தாங்கும் இடங்கள் கண்ணாடிபோல் இருந்தன. எண்ணெய் வந்திருக்கிறது. கேம் இரும்பே மட்டமானது என்றால் பதினாறும் ஒன்றுபோல் போயிருக்க வேண்டும். அதுவும் இல்லை. அப்புறம் கேள்விகளை அவனிடமே திருப்பினேன்.

"ஸ்பிரிங் என்ன போட்ட?"

"ரேஸ் ஸ்பிரிங் மாமா. ஒன்பதாயிரம் ஆர்பிஎம் தாங்கும்."

"நீ எவ்வளவு வரைக்கும் ஓட்டுற?"

"ஏழாயிரம்... அதுவும் எப்பவாச்சும்தான்."

"எண்ணெய்?"

"0டபிள்யூ-20. கடையில இருந்ததுலயே விலை கூடினது."

"சனிக்கிழமை எங்க போற?"

அதற்கு மட்டும் அவன் முழித்தான். வாரம் தவறாமல் சனிக்கிழமை உட்லண்ட்ஸில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போகிறான். ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 1924-ல் அதைத் திறந்தவர்கள் இன்றைய வரிசையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். கூட்ட நாளில் இரண்டு மணி நேரம் சாதாரணம். ஏர்கோன் வேண்டுமென்று இஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பலரும் நினைப்பது, பந்தய இஞ்சின் வேகத்தில்தான் சாகும் என்று. கேமைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது தலைகீழ்.

மழையில் வேகமாகப் போகும் கார் டயர் தண்ணீர்மேல் மிதக்குமே, அதுபோல வேகமாகச் சுற்றும் கேம் எண்ணெய்மேல் மிதக்கும். மெதுவாகச் சுற்றினால் படலம் மெலிந்து இரும்பும் இரும்பும் உரசும். இன்னொன்றும் உண்டு. அதிவேகத்தில் வால்வு மேலே எறிந்த பந்துபோல் போன திசையிலேயே போகப் பார்க்கும். ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கு அதைப் பிடித்துத் திருப்பவே செலவாகிவிடும். ஐட்லிங்கில் அப்படி எதுவும் இல்லை. ஸ்பிரிங்கின் முழுப் பலமும் கேமின் கூர்முனைமேல்தான் விழும். கேம் இஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றும். இஞ்சின் 800 ஆர்பிஎம்மில் இரண்டு மணி நேரம் நின்றால், ஒவ்வொரு முனையும் 48,000 முறை, மிக மெல்லிய எண்ணெயோடு, மிகக் கனமான ஸ்பிரிங்கை அழுத்தியிருக்கிறது.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. வழுக்கும் கேமைக் காப்பது எண்ணெயில் கலக்கும் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு மருந்து. சூட்டிலும் அழுத்தத்திலும் அது இரும்பின் மேல் ஒரு தோல் போலப் படிந்து, இரும்புக்குப் பதிலாகத் தான் தேயும். ஆனால் பாஸ்பரஸ் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால் 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரசுக்கு 0.08 விழுக்காடு என்று வரம்பு கட்டினார்கள். உருளை லிஃப்டர் உள்ள புதுக் கார்களுக்கு அது போதும். அமெரிக்காவில் பழைய வீ-8 இஞ்சின் வைத்திருந்தவர்கள் பலர் இந்தப் பாடத்தைக் கேம் கொடுத்துத்தான் படித்தார்கள். விலை கூடிய எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் இந்த இஞ்சினுக்கு அல்ல.

கடைசியாக ஒன்று கேட்டேன். "புதுக் கேம் போட்ட அன்னிக்கு முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினப்ப கூட இருந்தியா?"

இருந்திருக்கிறான். ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் விட்டு, அரை மணி நேரம் டியூனிங் பார்த்திருக்கிறார்கள். புதுக் கேமும் புதுத் தகடும் ஒன்றுக்கொன்று பழகுவது அந்த முதல் இருபது நிமிடத்தில்தான். அப்போது மாலிப்டினம் பசை தடவி, எண்ணெயை முன்கூட்டியே ஏற்றி, ஸ்டார்ட் ஆனதும் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் ஏற்றி இறக்கிப் பிடிக்க வேண்டும். ஐட்லிங்கில் விடவே கூடாது.

இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. தொண்ணூறுகளில் பாசீர் கூடாங் பந்தயத் திடலுக்கு ஒரு நண்பரின் வண்டியைத் தயார் செய்தபோது நானும் இதே தப்பைச் செய்தவன். கார்புரேட்டர் சரிசெய்கிறேன் என்று நிற்க வைத்தே ஓட விட்டேன். இரண்டாம் வாரம் கேம் போனது. கேம் செய்த நிறுவனத்தை ஒரு வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் திடலில் நாள் முழுக்க அலறிய இஞ்சின்கள் நன்றாகத்தான் வீடு திரும்பின.

மறுநாள் இரண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். கூட்டாளிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தகடுகளை மேசைமேல் வரிசையாக வைத்தோம். தவுக்கே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், வெகு நேரம் பேசவில்லை. பிறகு, கூலி வேண்டாம், சாமான் மட்டும் வாங்கிக் கொடு என்றார். ஸ்பிரிங்கையும் எண்ணெயையும் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று மருமகனும் ஒப்புக்கொண்டான். முந்தைய நாள் சண்டைக்குப் போயிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

வண்டியை மாற்றியமைக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். கேம் போனால் அடுத்த கேம் வாங்க ஓடாதீர்கள். காரணம் உள்ளேயே இருந்தால் அதையும் தின்றுவிடும். எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பார்த்து, மினுக்கும் தூள் இருந்தால் இஞ்சின் முழுவதையும் கழுவுங்கள். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். புதுக் கேமுக்குப் பழைய தகட்டைப் போடாதீர்கள். ஸ்பிரிங்கை நீங்கள் உண்மையில் ஓட்டும் வேகத்துக்கு வாங்குங்கள், பெருமைக்கு வாங்காதீர்கள்.

இப்போது வண்டியில் மிதமான ஸ்பிரிங், பக்கெட் இஞ்சினுக்கு ஏற்ற கெட்டியான எண்ணெய். சத்தம் இல்லை. சாமான் வாங்கிய பணத்தை மாதம் 200 ரிங்கிட்டாக அம்மாவிடம் திருப்பித் தருகிறான். சனிக்கிழமைகளில் பாலத்து வரிசையில் நிற்பது இப்போது அக்காளின் மைவி.